மேங்கோவுக்குள் ஒரு மாங்காய்

பாச்சாங்கில் ஒரு பழக்கடை. அம்மாவின் கையைப் பிடித்திருந்த சிறுமி கேட்டாள்: “மேங்கோவுக்குத் தமிழ்ல என்னாம்மா?”

“மாம்பழம்டா” என்றார் அம்மா.

பதில் சரிதான். ஆனால் கேள்விக்குள்ளேயே தமிழ் இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

‘மேங்கோ’வின் வேர் நம் மாங்காய். 1498இல் கோழிக்கோட்டுக்கும் 1509இல் மலாக்காவுக்கும் வந்த போர்த்துக்கீசியர் அதை ‘மங்கா’ என்றார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சொல் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. போர்த்துக்கீசியர் அதை எங்கே கேட்டார்கள் என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை. கேரளக் கரையில் என்கின்றன சில. மலாய்க்காரர்களிடம் என்கின்றன வேறு சில. மலாய்க்கு அதைக் கொடுத்தது தமிழ்.

பழத்துக்கு ஏன் காயின் பெயர் என்று தோன்றலாம். ஆனால் இங்கிலாந்துக்கு அது பெரும்பாலும் ஊறுகாயாகத்தான் போனது. மாதக்கணக்கான கப்பல் பயணத்தைப் பழம் தாங்காது. அதனால் அங்கே ஊறுகாய்க்கே ‘மேங்கோ’ என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் சில பகுதிகளில் குடைமிளகாயைக்கூட அப்படி அழைத்தார்கள்.

மாம்பழமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மலாயில் ‘மெம்பெலாம்’ என்றால் மாம்பழம்தான். கெடா, பெர்லிஸ் பக்கம் ‘பெலாம்’ என்பார்கள். கடை ‘கெடாய்’ ஆனது. கட்டில் ‘காத்தில்’ ஆனது. கப்பல் ‘காப்பால்’ ஆனது. பாச்சாங் என்பதுகூட மலாயில் வாசனை தூக்கும் ஒரு மாவினத்தின் பெயர்.

போர்த்துக்கீசியருக்கு முன்பே தமிழ் வணிகர்கள் மலாக்காவில் இருந்தார்கள். அவர்கள் வழிவந்த மலாக்கா சிட்டி மக்கள் காஜா பேராங்கில் வாழ்கிறார்கள். கோயிலையும் பொங்கலையும் விடாமல் காத்துவருகிறார்கள். ஆனால் அவர்களின் வீட்டுமொழி தலைமுறைகளுக்கு முன்பே மலாய் ஆகிவிட்டது.

யோசிக்க வேண்டியது இங்கேதான். கடல் கடந்த சொற்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றைக் கொண்டுவந்தவர்களின் வீடுகளில் தமிழ் தங்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம் வீட்டிலும் இன்று பிள்ளைகள் தமிழில் எதற்குப் பெயர் தெரியாமல் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

அந்தச் சிறுமி கேட்டாளே, அது நல்ல அறிகுறி. உங்கள் பிள்ளை கேட்டால் மாம்பழம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மாங்காயின் கதையையும் சொல்லுங்கள்.