வாயில்லா ஜீவன் கற்றுக் கொடுத்த பாடம்

எங்கள் வீட்டு நாய்க்கு ஆபரேஷன் நடந்தபோது நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். நாய் வளர்ப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும். வளர்க்காதவர்களும் கடைசி வரை படியுங்கள்.

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் வயல்தான். எங்கள் 'சிட்டு' ஆறு வயது நாட்டு நாய். ஒரு இடத்தில் நிற்காது. கொக்கைத் துரத்துவதும் வரப்பில் எலி வளையைத் தோண்டுவதும்தான் அதற்கு வேலை. சென்ற தை மாதம் திடீரென்று சோறு திங்காமல் சுருண்டு படுத்துவிட்டது. தண்ணீர் மட்டும் ஓயாமல் குடித்தது. பின்பக்கம் சீழ் வடிந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் பருவத்துக்கு வந்து போயிருந்தது.

"சூடு புடிச்சிருக்கும், மோர ஊத்து" என்றார் மாமியார். எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டி பிடித்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். 2012-இல் தொடங்கிய கல்லூரி அது. நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய வசதி. கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்குப் பருவம் முடிந்து சில வாரங்களில் இப்படி வருவதுண்டாம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு வாரம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் இரண்டு நாள் பயமில்லை, மயக்கத்தில் கிடந்தது. மூன்றாம் நாளிலிருந்து பழைய சிட்டு! நோவு குறைந்ததும் அதற்கு ஆபரேஷனே மறந்துவிட்டது. நான்காம் நாள் யாரோ கதவைத் திறந்து போட, பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்துத் திண்ணையிலிருந்து ஒரே பாய்ச்சல். மறுநாள் தையலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். பதறியடித்துக்கொண்டு மறுபடி ஓடினோம். நல்லவேளை, தையல் பிரியவில்லை; நீர்தான் கோத்திருந்தது. "மேலே ஆறின மாதிரி தெரியும். உள்ளே சதை சேர நாளாகும். இனிமே கட்டுப்பாடா வெச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

அப்புறம் நான் செய்தது இதுதான். தெருவும் கொல்லையும் கண்ணில் படாத சின்ன அறையில் அதை வைத்தேன். தரை வழுக்கி வயிறு இழுபடாமல் இருக்கச் சாக்கு விரித்தேன். வெளிக்குப் போக மட்டும் குட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய், உடனே திரும்பினேன். தையலை நக்காமல் இருக்க அவர்கள் கொடுத்த புனல் வளையத்தைக் கழற்றவே இல்லை. தையல் பிரிக்கும் வரை குளிப்பாட்டவில்லை.

உடம்பை ஓட விடாவிட்டால் புத்திக்கு வேலை கொடுக்க வேண்டும். ஓட்டம் இல்லாததால் சோற்றைக் கொஞ்சம் குறைத்தேன். வெந்த காரட்டையும் கோழித் துண்டையும் பழைய துண்டில் சுருட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மோந்து தேட விட்டேன். கால் மணி நேரம் தேடினால் அலுத்துப்போய்த் தானே தூங்கிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "சிட்டூ!" என்று கத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

முக்கியமான விஷயம்: நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால், புரூஃபென் எல்லாம் அதற்கு விஷமாகிவிடும். ரொம்பவும் அடங்காவிட்டால் டாக்டரிடமே கேளுங்கள், அதற்கென்று மருந்து இருக்கிறது. மாமியார் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்தார். டாக்டரைக் கேட்காமல் தையலில் எதுவும் தடவக்கூடாது என்று தடுத்துவிட்டேன்.

இந்த இரண்டு வாரமும் வீடே பூனை நடை நடந்தது. என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். மகன் வாசல் கேட்டை மெதுவாகச் சாத்தினான். "வாயில்லா ஜீவன், அதுக்கு எடுத்துச் சொல்ல முடியாதுல்ல" என்றார் இவர்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு எனக்கும் இதே ஆபரேஷன்தான். ஆறு வாரம் கனம் தூக்காதே என்றார்கள். பன்னிரண்டாம் நாள் அறுவடைக்கு ஆள் வந்தது. சோற்று அண்டாவை நானேதான் இறக்கினேன். அன்று பிடித்த வலி தீர ஆறு மாதம் ஆயிற்று. யாரும் என்னைத் தூக்கச் சொல்லவில்லை. தூக்காதே என்றும் சொல்லவில்லை. வாய் இருந்தும் நானும் கேட்கவில்லை.

தையல் பிரித்துவிட்டு வந்த அன்று ராத்திரி, சிட்டுவைத் தடவிக்கொண்டே மாமியார் சொன்னார்: "ஒன்ன அப்ப இந்த மாதிரி உக்கார வெக்காம விட்டுட்டோம் பாரு." "பரவால்ல அத்தே" என்றேன். ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

சிட்டு இப்போது பழையபடி வரப்பில் ஓடுகிறது. சகோதரிகளே, உங்களுக்கு ஆபரேஷன் என்றால் டாக்டர் சொன்ன நாள் முழுக்க ஓய்வாக இருங்கள். வீட்டில் வேலை கிடக்கிறதே என்று எழுந்துவிடாதீர்கள். முடியவில்லை என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, பாபநாசம்.