நகர்ப்புறத் துப்பாக்கி வன்முறைத் தடுப்பில் கூட்டு அணுகுமுறைகள்: டொராண்டோ தமிழ்ச் சமூகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

துப்பாக்கி வன்முறையைக் கைது நடவடிக்கையால் மட்டும் தடுக்க இயலாது என்பதைப் பல நகரங்களின் பட்டறிவு உணர்த்துகிறது. காவல்துறை, கல்விக்கூடம், பொதுச் சுகாதாரத் துறை, உள்ளூர் அமைப்புகள் ஆகியவை இணைந்து செயல்படும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. கனடாவின் டொராண்டோ நகரத் தமிழ்ச் சமூகம் சந்தித்த நெருக்கடி அதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: துப்பாக்கி வன்முறை, இளைஞர் குழுக்கள், புலம்பெயர் தமிழர், சமூகக் காவல், நம்பிக்கை

முன்னுரை

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழருள் பெருந்தொகையினர் டொராண்டோவிலும் அதன் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவிலும் குடியேறினர். 1990களில் அங்குத் தமிழ் இளைஞர் குழுக்களிடையே மோதல்கள் மூண்டன. துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன. குழுக்களோடு தொடர்பற்றவர்களும் உயிரிழந்தனர். போரிலிருந்து உயிர்தப்பி வந்த குடும்பங்கள் பாதுகாப்பான நாட்டிலேயே பிள்ளைகளை இழக்க நேர்ந்தது.

சிக்கலின் வேர்கள்

இவ்வன்முறையை இளைஞரின் இயல்பான முரட்டுத்தனமாகக் கருதுவது பொருந்தாது. பெற்றோர் பலர் இரண்டு வேலைகள் பார்த்தனர். பிள்ளைகள் புதிய மொழியையும் பள்ளியில் இனவெறுப்பையும் ஒருங்கே எதிர்கொண்டனர். தற்காப்புக்காகச் சேர்ந்த நட்புக் கூட்டம் காலப்போக்கில் பகைக் குழுவாக மாறும் சூழல் அங்கிருந்தது. தாயகத்தில் சீருடையாளரைக் கண்டு அஞ்சிப் பழகிய மக்கள் புதிய நாட்டின் காவலரிடமும் வாய்திறக்கத் தயங்கினர். சாட்சி சொல்ல ஆளில்லாதபோது பழிவாங்கலே நீதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இருவகை எதிர்வினைகள்

இந்நெருக்கடிக்கு இரண்டு விடைகள் எழுந்தன. முதலாவது, சமூகத்தின் உள்ளிருந்து வந்தது. 1990களின் இறுதியில் தமிழ் இளைஞர்களே கனடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கி, தம் வயதினரை வன்முறையிலிருந்து விலக்கும் பணியை மேற்கொண்டனர். இரண்டாவது, அரசின் நடவடிக்கை. 2001 அக்டோபரில் காவல்துறையும் குடிவரவுத் துறையும் இணைந்து ஏராளமானோரைக் கைது செய்தன. குடியுரிமை பெறாதோர் நாடுகடத்தப்படும் நிலைக்கு உள்ளாயினர். கைது நடவடிக்கை அப்போதைய மோதலைத் தணிக்கலாம். ஆயினும், தகவல் அளித்தால் உறவினர் நாடுகடத்தப்படுவர் என்னும் அச்சம் பரவினால், அடுத்த மோதலைத் தடுக்கத் தேவையான தகவலே கிடைக்காமற்போகும்.

2005ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் 52 பேர் துப்பாக்கியால் கொல்லப்பட்டனர். இது எந்த ஓர் இனத்தாருக்கும் உரிய சிக்கலன்று என்பது அப்போது தெளிவாயிற்று. ராய் மக்மர்ட்ரி, ஆல்வின் கர்லிங் ஆகியோர் ஒன்டாரியோ மாகாண அரசுக்கு 2008இல் அளித்த அறிக்கை வறுமை, இனவெறுப்பு, கல்வி, வீட்டுவசதி ஆகியவற்றை வன்முறையின் வேர்களாக இனங்கண்டது.

இரு முன்மாதிரிகள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரியாக 44 இளையோர் கொல்லப்பட்டனர். 1996இல் காவலர், நன்னடத்தை அலுவலர், தெருப்பணியாளர், தேவாலயப் போதகர் ஆகியோர் ஒன்றிணைந்தனர். குழுக்களை நேரில் அழைத்து, சுட்டால் குழு முழுவதும் நடவடிக்கைக்கு உள்ளாகும் என எச்சரித்தனர். விலகுவோர்க்கு உதவியும் அளித்தனர். 1997இல் அவ்வெண்ணிக்கை 15 ஆகக் குறைந்தது. ஆயினும் அக்கூட்டணி தளர்ந்தபின் வன்முறை மீண்டும் உயர்ந்தது.

சிகாகோவில் தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000இல் வேறொரு முறையைத் தொடங்கினார். வன்முறை தொற்றுநோய் போலப் பரவுகிறது என்பது அவர் கருத்து. முன்னாள் குழுவினர் சிலரே இடைப்புகுந்து சமரசம் செய்தனர். அவர்கள் காவல்துறைக்குத் தகவல் தருவோர் அல்லர் என்பதே அவர்களின் வலிமையாக இருந்தது. பாஸ்டன் முறை சட்டத்தின் அச்சத்தையும், சிகாகோ முறை தெருவின் நம்பிக்கையையும் முதலாகக் கொண்டவை எனலாம்.

தமிழகச் சூழலில் பொருத்தம்

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் உரிமக் கட்டுப்பாடு காரணமாகத் தமிழக நகரங்களில் துப்பாக்கி எளிதில் கிட்டும் பொருளன்று. அரிவாளும் கத்தியுமே மிகுதி. ஆயினும் நம்பிக்கை பற்றிய வினா பொதுவானது. 1993இல் இராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் இயக்கம் மக்களையும் காவலரையும் இணைக்க முற்பட்டது. 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களின்போது அவ்வியக்கத்தினர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தார் அதை மறுத்தனர். அரசு அவ்வாண்டு ஜூலையில் தடை விதித்தது. இடைநிற்போர் காவல்துறையின் நீட்சியாகக் கருதப்படும்போது கூட்டுமுயற்சி நிலைகுலைகிறது என்பதை இது காட்டுகிறது.

தோல் தொழில் சார்ந்த ஆம்பூரில் 2015 ஜூனில், காவல் விசாரணைக்குப் பின் இளைஞர் ஒருவர் இறந்ததையடுத்து வன்முறை வெடித்தது. ஆம்பூரிலும் காவேரிப்பாக்கம் போன்ற பாலாற்றுப் பகுதிச் சிற்றூர்களிலும் அமைதிக்குழு கலவரத்திற்குப் பின் கூடுவதாக அமைதல் போதாது. தொழிற்சங்கம், ஜமாஅத், பள்ளி ஆசிரியர், ஊர்ப் பெரியோர் ஆகியோரைக் கொண்டு அமைதிக் காலத்திலேயே இயங்குவதாக அது அமைதல் வேண்டும்.

முடிவுரை

கூட்டு அணுகுமுறை என்பது அனைவரும் ஒரே பணியைச் செய்வதன்று. அவரவர் எல்லையை அறிந்து செய்வதாகும். காவலர் சட்டத்தைக் காக்க, இடைநிற்போர் நம்பிக்கையைக் காத்தல் வேண்டும். இவ்விரண்டும் கலந்துவிட்டால் இரண்டுமே பயனற்றுப்போகும். டொராண்டோத் தமிழ் இளைஞரின் முயற்சி, பழிக்கு ஆளான சமூகமே தடுப்பின் முதல் பங்காளியாகவும் விளங்க இயலும் என்பதைப் புலப்படுத்துகிறது.