புளி பம்பருக்கு ஆகாது!

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நம்முடையது. பழைய காரின் மங்கிப்போன பம்பரைப் பார்த்தாலும் அது துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே!

எங்களுடையது 1988 மாடல் அம்பாசடர். மாமனார் ஆசையாக வாங்கியது. பம்பர், வீல் கப் எல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டன. "எல்லாத்தையும் கழட்டி முலாம் போட்டுடலாம்மா" என்றார் மெக்கானிக். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, "பேசாம வித்துடலாம்" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். மாமியார் முகம் வாடிப் போச்சு. 2014-ல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. விற்றால் மறுபடி புதுசா வாங்க முடியுமா? சரி, நானே பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

பம்பர் இரும்புத் தகடு. அதன் மேல் நிக்கல் பூச்சு, அதற்கும் மேலே குரோமியம். அந்தக் குரோமியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது! புளி, எலுமிச்சைப் புளிப்பு அதிலுள்ள பொடித் துளைகளில் இறங்கினால் அடியிலிருக்கும் இரும்பை அரிக்கும். ஸ்டீல் நாரும் பாத்திரப் பவுடரும் கீறிவிடும்.

முதலில் ஷாம்பு கலந்த தண்ணீரில் மண் போகக் கழுவினேன். பிறகு, சப்பாத்தி சுற்றி வைக்கிறோமே, அந்த அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது. அதனால் கீறாது, துரு மட்டும் கறுப்புச் சாறாக வழிந்து வந்துவிடும். அதைத் துடைத்து, ஈரமில்லாமல் காயவிட்டு, கார் மெழுகு தடவினேன். இரண்டு ஞாயிறு பிடித்தது. முலாம் உரிந்த இடம் மட்டும் எதற்கும் மசியாது. முன் பம்பர் ஒன்றைத்தான் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. விற்கிற பேச்சும் நின்றது.

கண்ணாடி ஓர ரப்பரை மண்ணெண்ணெயால் துடைக்காதீர்கள், உப்பிப் போகும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, மருந்துக்கடைக் கிளிசரின் தடவினால் போதும். வெடித்துவிட்டதென்றால் மாற்றத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கித் துருப்பிடிக்கும்.

மாருதி 800 மாதிரி கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் உள்ளவர்களுக்கு: அது வெளுப்பது வெயிலால். தேங்காயெண்ணெய் தடவினால் ரெண்டு நாள் மினுக்கும், அப்புறம் தெருப்புழுதி முழுக்க அதில்தான்! பிளாஸ்டிக்குக்கென்றே விற்கிற பாலிஷை வாங்கிப் போடுங்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஸ்டிக்கர் பசை எடுக்க மண்ணெண்ணெயோ தின்னரோ எடுத்தால், மீதியைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.