கண்ணாடித் தொட்டியில் பள்ளத்தி மீன்

காயல் மீன்களுள் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதற்கு மிகவும் ஏற்றது பள்ளத்தி. இப்பெயர் மலையாள நாட்டில் வழங்குவது. தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் காயல்களிலும் கழிமுகங்களிலும் இம்மீன் இயற்கையாக வாழ்கின்றது. கரிமீனுக்கு உறவினமாயினும் உருவில் சிறியது. சுமார் மூன்று அங்குலமே வளரும். பொன்னிற உடலும் விலாவில் கரும்புள்ளியும் உடையது. 1795-ஆம் ஆண்டில் பிளாக் என்னும் ஜெர்மானிய சாஸ்திரியார் இதனை முதன்முதலாக விவரித்தெழுதினார்.

இம்மீனை வாங்குவோர் சிலர், தொட்டி நிரப்பிய அன்றே அதில் விட்டுவிட்டு, சில வாரங்களுக்குள் இழந்துவிடுகின்றனர். மீனில் குற்றமில்லை. உழாத நிலத்தில் விதைப்பது போல, பக்குவப்படாத ஜலத்தில் மீன் விடுவதே இந்நஷ்டத்திற்குப் பிரதான காரணமாகும்.

தொட்டியும் உப்பும்: மூன்றடி நீளமும், ஒன்றேகால் அடி அகலமும், அதே உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 120 லிட்டர் ஜலம் நிற்கும். ஆறு பங்கு கிணற்று ஜலத்துடன் ஒரு பங்கு சுத்தமான கடல் ஜலம் கலந்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் உப்பு நிற்கும். இது போதுமானது. சுத்திகரித்த சமையல் உப்பு கடல் ஜலத்திற்கு ஈடாகாது; கடல் ஜலத்திலுள்ள மக்னீசியமும் கால்சியமும் அதில் இல்லை.

ஜலம் பக்குவமாதல்: மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, இது மீனுக்கு விஷம். புன்செய் மண்ணிலிடும் எருவின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுவதை விவசாயிகள் அறிவர். தொட்டியிலும் அதே வேலை நடைபெற வேண்டும். காற்றுக் குழாயுடன் கூடிய வடிகட்டியை அமைத்து, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டு, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மீனின்றி விட்டு வைத்தால் அந்நுண்ணுயிர்கள் பெருகும். அதன் பின்னரே மீனை விடுக.

ஜலம் வார்க்கும் முறை: வெயிலால் ஜலம் வற்றும், உப்பு வற்றாது. ஆகையால் வற்றிய அளவிற்கு உப்பில்லாத ஜலத்தையே வார்த்தல் வேண்டும். ஒவ்வொரு தடவையும் 12 லிட்டர் உப்பு ஜலம் வார்ப்பவர் 60 கிராம் உப்பைக் கூட்டுகிறார். பத்துத் தடவையில் உப்பு இரட்டிப்பாகிவிடும். வாரந்தோறும் நாலிலொரு பங்கை இறைத்து மாற்றுங்காலத்தில் மட்டும், முன் சொன்ன விகிதத்தில் கலந்த ஜலத்தை வார்க்க.

உணவும் குஞ்சுகளும்: கொசுப்புழுக்களை விருப்பத்துடன் உண்ணும். இரண்டு மூன்று நிமிஷங்களில் தின்று தீர்க்கும் அளவே இடுக; மிஞ்சுவது அழுகி ஜலத்தைக் கெடுக்கும். ஜோடி சேர்ந்தவை தட்டைக் கல்லைச் சுத்தம் செய்து முட்டையிட்டு, இரண்டும் கூடிக் காவல் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடல் மேலுள்ள வழுவழுப்பைக் கொறித்து உண்பதுண்டு. ஆகவே, பாதுகாப்பு எனக் கருதிக் குஞ்சுகளை உடனே பிரித்தலாகாது.

வளர்ப்பில் மிகுந்த மீன்களைக் கிராமத்து ஏரி குளங்களில் விடாதீர்கள். இம்மீன் பிற மீன்களின் முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் தின்னும் இயல்புடையது; குளத்து மீன் பாசி ஏலத்தை நம்பியிருப்போர்க்கு அதனால் நஷ்டம் நேரிடலாம். வேண்டுவோர்க்கு அவற்றைக் கொடுத்துவிடுதலே நன்று.