சாவி சரி, கோரிக்கை சரியா?

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து 2 கோடி டொலர் கொழும்பின் பான் ஏசியா வங்கிக்குப் புறப்பட்டது. அனுப்பியவர்கள் திருடர்கள். அவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. டாக்காவிலுள்ள கணினிகளுக்குள் புகுந்து, ஊழியர்களின் அடையாளத்தை வைத்தே வங்கிகள் பணக் கட்டளை அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் 35 கட்டளைகளை இட்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 95 கோடி டொலர். அவற்றில் 8 கோடியே 10 லட்சம் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. கொழும்புத் தொகை இடையில் நின்றது. தொகை இலங்கைக்கு மிஞ்சியதாக இருக்கிறதே என்று இங்கே சந்தேகம் எழுந்தது. பெறும் அமைப்பின் பெயரில் எழுத்துப் பிழை இருந்ததை இடைவழியிலிருந்த டொயிச் வங்கி கண்டு விளக்கம் கேட்டது. திருடனுக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

அன்று தற்செயலாக நடந்த அந்த விசாரணையை ஒவ்வொரு கோரிக்கைக்கும் கட்டாயமாக்குவதுதான் ‘ஸீரோ ட்ரஸ்ட்’ முறை. 2010இல் ஆய்வாளர் ஜோன் கிண்டர்வாக் இதை முன்வைத்தார். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2020இல் வழிகாட்டி வெளியிட்டது. அலுவலக வலையமைப்புக்குள் இருப்பவர் நம்பத்தக்கவர் என்ற பழைய கணக்கு கிளவுட்டில் எடுபடாது. வெள்ளவத்தை வீட்டிலிருந்து ஒரு கணக்காளர் கொட்டாஞ்சேனை நிறுவனத்தின் கோப்பைத் திறக்கிறார். கோப்போ வேறு நாட்டுச் சேர்வரில் கிடக்கிறது. இதில் உள்ளே எது, வெளியே எது? அதனால் கடவுச்சொல்லோடு அவரது மடிக்கணினி பதிவானதா, இந்த நேரத்தில் வருவது வழக்கமா, இந்தக் கோப்பு அவர் வேலைக்குத் தேவையா என்பதெல்லாம் பார்க்கப்படுகின்றன. சம்பளப் பட்டியல் பார்ப்பவருக்கு வாடிக்கையாளர் விபரம் திறக்காது.

இப்படிச் சோதித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா என்று கேட்பார்கள். பெரும்பாலான சோதனையை இயந்திரம் ஓசைப்படாமல் முடித்துவிடும். வழக்கம் மீறும்போதுதான் ஆளிடம் மறுபடி கேட்கும். சோதிக்கும் அமைப்பையே ஒருவன் கைப்பற்றினால்? இந்தக் கேள்வி கனமானது, முழுப் பதிலும் கிடையாது. ஒருவருக்கும் தேவைக்கு மேல் அனுமதி தராமல் சேதத்தைச் சுருக்கலாம், அவ்வளவே. காப்புப் பிரதியின் வேலையையும் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையையும் இது செய்யாது. 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் மென்பொருள் லங்கா அரசாங்க கிளவுட்டைத் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. பழைய மின்னஞ்சல் மென்பொருளும் அங்கே புதுப்பிக்கப்படாமல் இருந்தது.