சிறப்பு மருந்தகத்தின் டெக்னீஷியன்

அமெரிக்காவில் புற்றுநோய், முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களுக்கான விலை உயர்ந்த மருந்துகளை வழங்குபவை சிறப்பு மருந்தகங்கள். இங்கே பார்மசி டெக்னீஷியனின் பொழுது பெரும்பாலும் தொலைபேசியிலேயே கழிகிறது. மருத்துவர் சீட்டு எழுதினாலும், காப்பீட்டு நிறுவனத்தின் முன்அனுமதி இல்லாமல் பல மருந்துகள் நகராது. ஏற்கெனவே பலன் தராத மருந்துகள், பரிசோதனை முடிவுகள் ஆகிய விவரங்களை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி, டெக்னீஷியன் அந்த நிறுவனத்துக்கு அனுப்புவார். நோயாளி கட்ட வேண்டிய பங்குத்தொகை கைக்கு எட்டாவிட்டால் உதவித் திட்டம் தேடித் தருவார். அனுமதியும் உதவியும் பெற்றுத் தருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பலருக்குச் சிகிச்சை தொடங்குவதே இதனால்தான்.

மருந்தை அனுப்புவதிலும் கவனம் தேவை. முடக்குவாதத்துக்குத் தரப்படும் அடாலிமுமாப் ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அதனால் குளிர்பொதிகளோடு கட்டி, பெற்றுக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கும் நாளைக் கேட்டறிந்த பிறகே அனுப்புவார்கள். பக்கவிளைவு பற்றி நோயாளி கேட்டால், அழைப்பு மருந்தாளுநருக்குப் போகும். மருந்து ஆலோசனை சொல்லும் உரிமை டெக்னீஷியனுக்கு இல்லை.