ஒலியும் ஒரு மருந்து

அலுவிகாரைக் குன்றின் குகைகளுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. வாய்மொழியாகவே வழங்கிவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் ஏறிற்று என்பது மரபு. ஓதுவோர் மறைந்தால் ஓதியதும் மறையுமே என்று அஞ்சிய துறவிகள் எழுத்தாணியைக் கையில் எடுத்தனர். அந்த ஊரில் வாழும் நான் இன்று எழுத எண்ணுவது, நம் பெண்கள் வாய்திறந்து சொல்லவும் கூசுகின்ற ஒரு நோயைப் பற்றி.

மாதந்தோறும் மிகுந்த உதிரப்போக்கு, அடிவயிற்றில் பாரம், இரத்தம் குன்றிச் சிறு மேட்டில் ஏறினாலும் மூச்சிரைப்பு. “பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் உள்ளதுதான்” என்று பாட்டிமார் கூறிவிடுவர். தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவளும், வகுப்பில் நின்று கற்பிப்பவளும் இச்சொல்லை நம்பியே ஆண்டுகளைக் கடத்துகின்றனர். இவர்களுள் பலருக்குக் காரணம், கருப்பையின் தசையில் வளரும் நார்க்கட்டி. ஐம்பது வயதுக்குள் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இக்கட்டி தோன்றுகின்றது. இது புற்றுநோயன்று, பலருக்குத் தொல்லையும் தருவதில்லை. தொல்லை மிகும்போது, கருப்பையையே அகற்றுவதுதான் நெடுங்காலமாகப் பெருவழக்காக இருந்தது.

“கத்தி படாமல் வேறு வழியே இல்லையா, ஐயா?” என்று ஆசிரியை ஒருவர் என்னைக் கேட்டார். அவருக்காகத் தேடிப் படித்ததையே இங்கே தருகிறேன்.

சிறுவர் பூதக்கண்ணாடியால் ஞாயிற்றின் கதிர்களைக் குவித்துக் காகிதத்தைக் கருக்குவதைக் கண்டிருப்பீர்கள். செவிக்கெட்டாத கழியொலியையும் அவ்வாறே குவிக்கலாம். தோலை ஊடுருவும் ஒவ்வோர் அலையும் தனித்தனியே தீங்கற்றது. யாவும் கூடும் புள்ளியிலோ வெப்பம் 60 பாகை செல்சியசை எட்டி, அங்குள்ள திசு மாய்கின்றது. 1942ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் லின் என்பாரும் அவர்தம் தோழரும் இதனைச் சோதித்தனர். உடலினுள்ளே குறியைக் கண்டு, வெப்பத்தையும் அளக்க எம்.ஆர்.ஐ. கருவி துணைவந்த பின்னரே முறை முதிர்ந்தது. 2004ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் நார்க்கட்டிக்கு இதனை ஏற்றது. சீனத்தின் சொங்சிங் நகரில், ஸ்கான் படத்தின் துணைகொண்டே செய்யும் முறை வளர்ந்தது. நமக்கு அண்மையில், மும்பையின் ஜஸ்லோக் மருத்துவமனை இதனைக் கையாண்டுள்ளது.

நோயாளி சில மணி நேரம் அசையாது படுத்திருத்தல் வேண்டும். வெட்டில்லை, தையலில்லை, பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். மாய்ந்த திசுவை உடல் சில மாதங்களில் சிறிது சிறிதாக உறிஞ்ச, கட்டி சுருங்கும். கருப்பையின் உட்படலம் தசைக்குள் புகுந்து வருத்தும் நோய்க்கும் இம்முறை பயன்படுகின்றது.

எனினும் இது யாவர்க்கும் உரிய மருந்தன்று. கட்டிகள் மிகப் பலவாயினும், ஒலியின் பாதையில் குடல் குறுக்கிடினும், புற்றுநோய் ஐயம் எழினும் வேறு வழியே நாடவேண்டும். அரிதாகத் தோல் சுடுவதும், காலில் நரம்பு வலி தோன்றுவதும் உண்டு. கட்டி மீண்டும் வளரலாம். குழந்தைப்பேற்றை விரும்புவோர் அதனை முதலிலேயே வைத்தியரிடம் கூறி ஆராய்தல் வேண்டும்.

மாத்தளையிலிருந்து மும்பை தொலைவுதான், செலவும் சிறிதன்று. ஆனால் வழிகள் பல உண்டென்று அறிவதற்குச் செலவில்லை. கையொப்பமிடுமுன் “எனக்கு ஏற்ற வேறு முறை உண்டா?” என்று கேட்பது பெண்ணின் உரிமை. மருந்து முதல் சத்திரசிகிச்சை வரை எதை ஏற்பினும், அறிந்து ஏற்பதே நன்று. நம் வீட்டுப் பெண்களின் நோவு இனியேனும் வாய்ச்சொல்லாக வெளிவரட்டும். மருத்துவம் அதன் பின்னர்தானே தொடங்க முடியும்!